மூணாம் நம்பர் கேனுக்கு ஒரு கம்பளி

காப்பி தப்பிப் பூத்துச்சே ஒரு கார்த்தி மாசம், அந்த வருசம் கண்ணு. உனக்கு ஞாபகம் இருக்காது, பள்ளிக்கூடம் போயிட்டு இருந்திருப்ப. மாசி பங்குனி மழைக்குப் பூக்க வேண்டியது, என்னமோ அந்த வருசம் பழம் செவந்து தொங்கறப்பவே பக்கத்துக் கணுவுல வெள்ளையாப் பூத்திருச்சு. பழம் பறிக்கற பொம்பளைங்க கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம நின்னாங்க. மலை மேல ஒண்டிக்கடை ஸ்டாப்புல பஸ் ஏறினா நாலஞ்சு கொண்டையூசி வளைவு எறங்கற வரைக்கும் அந்த வாசம் ஜன்னலோட கூடவே வரும். அந்த வாசத்துலதான் ருக்குமணி மொதமொத ஆஸ்பத்திரிக்கு மலையெறங்கி வந்தா. எனக்கு வருசத்தை நம்பர்ல சொல்லத் தெரியாது. இப்படித்தான் தெரியும்.

இப்ப ஆஸ்பத்திரியில அந்த கேன் ரூமைப் பாக்கற நீ கேட்டது வேற. இப்ப கேன்ல நைட்ரஜன் குறைஞ்சா உன் போன்ல மணி அடிக்குது, அந்த மிசினு வர்றதுக்கு முன்னாடி எப்படிண்ணா பாத்தீங்கன்னு கேட்ட. எழுவது வயசானாலும் அந்த ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் நான் அண்ணந்தான். சொல்றேன். எனக்கு எழுதப் படிக்க வராது, போன்ல பிடிச்சு நீயே எழுதிக்க. ஊர் பேரு ஆள் பேரெல்லாம் கொஞ்சம் மாத்தித்தான் சொல்லுவேன்.

நான் மொதல்ல மாட்டாஸ்பத்திரியில கேன் தூக்கினவன். அப்பெல்லாம் மலையில பாதி ஊருக்கு ரோடு கிடையாது. டாக்டரு முன்னாடி போவாரு, சினை ஊசி போட. நான் பின்னாடி நைட்ரஜன் கேனைத் தோள்ல வெச்சுட்டுப் போவேன். அதுக்குள்ள காளையோட வித்து குச்சி குச்சியா உறைஞ்சு கெடக்கும். இருவது வருசத்துக்கு மேல அந்த வேலை. ஊசி போட்டது பூரா டாக்டரு, ஆனா மலையில கன்னுக்குட்டி துள்ளினா எல்லாரும் என்னையத்தான் காட்டுவாங்க. அது போகட்டும். அந்தப் பழக்கத்துலதான் சேலத்துல பிள்ளை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரியில என்னைய எடுத்தாங்க. மாட்டுக்கு இருந்தவன் மனுசனுக்கு வந்துட்டாண்டான்னு ஒண்டிக்கடை டீக்கடையில ரெண்டு மாசம் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன்.

அங்க லேப் மேடம்னு ஒருத்தங்க. நீ பாத்ததில்ல, நீ வர்றதுக்கு முன்னாடியே அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல. தலையில பூ வெக்கமாட்டாங்க, சென்ட் அடிக்கமாட்டாங்க. வாசம் கருவுக்கு ஆகாதாம். மொத நாள் என்னைய வாசல்லயே நிறுத்தி, "அண்ணா, பீடி குடிச்சீங்களா"ன்னாங்க. ஆமாங்கன்னேன். "போய் குளிச்சுட்டு நாளைக்கு வாங்க"ன்னாங்க. கோவமே இல்லாம சொன்னாங்க. பகல் பதினோரு மணிக்கு பஸ்ஸேறி மலைக்குத் திரும்பிப் போனேன். அன்னைக்கு விட்டதுதான் பீடி.

மர ஸ்கேலு ஒண்ணு வெச்சிருந்தோம். கேன் மூடியத் தொறந்து, அடி தொடுற வரைக்கும் ஸ்கேலை நேரா எறக்கோணும். பத்துப் பதினஞ்சு எண்ணோணும். எடுத்து லேசா காத்துல ஆட்டினா, நைட்ரஜன் நின்ன அளவுக்கு மரத்துல வெள்ளையாப் பனி பூக்கும். அந்தப் பனிக்கோடு எங்க நிக்குதோ அதுதான் அளவு. மரக்கட்டையில பூக்கறது எனக்கு எப்பவும் அதிசயம், கண்ணு. ஆயிரக்கணக்கான தடவ பாத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பூ வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு நிக்கும். கோடு குறைஞ்சிருந்தா பெரிய கேன்ல இருந்து ஊத்தோணும். கையில தடி உறை, கால்ல ஷூவு, கதவு பூராத் தொறந்திருக்கோணும். அடைச்ச ரூம்ல ஊத்தினா மூச்சு முட்டிப் போயிரும், சத்தமே இருக்காது.

ஊத்தறப்ப வெள்ளைப் பொகை கேன் வாயிலிருந்து வழிஞ்சு, தரையோட தரையா வந்து காலைச் சுத்தும். எங்க மலையில ஆடி மாசம் மஞ்சு எறங்கும் பாரு, அப்படியே. காலையில ஊட்ல இருந்து அந்த மஞ்சுக்குள்ளதான் நடந்து வந்து பஸ் ஏறுவேன். கீழ சேலம் வெயில்ல எறங்கி, மறுபடி இந்த ரூமுக்குள்ள போனா அதே மஞ்சு. நடுவுல மலையெறங்கினதே கனவா இருக்குமோன்னு இருக்கும். அப்படியே பதினாறு பதினேழு வருசம் போச்சு.

மேடம் கரு உறைஞ்ச குச்சி எடுக்கறப்ப ஒரு மொறை உண்டு. கேனுக்குள்ள குச்சி வெச்ச டப்பாவைக் கழுத்துக்கு மேல தூக்கமாட்டாங்க. கழுத்துக்குள்ளயே நிறுத்தி, இடுக்கியால பிடிச்சு, ஒட்டியிருக்கற பேரை வாய்விட்டுப் படிப்பாங்க. பக்கத்துல ஒரு ஆளு ஃபைலைப் பாத்து அதே பேரைத் திருப்பிச் சொல்லோணும். புருசன் பேரு, பொஞ்சாதி பேரு, தேதி. நேத்துத்தான் பாத்த பேரா இருந்தாலும் ரெண்டு வாய் சொல்லோணும். எல்லாம் சரியா இருந்தா ஒரே வார்த்தை, "நல்லாருக்கு." அதுக்கு மேல அவங்ககிட்ட இருந்து ஒரு சொல்லு வாங்க முடியாது.

இப்ப ருக்குமணி. தலைச்சோலைக்காரி, சடையன் பொஞ்சாதி. ரெண்டு ஏக்கரா காப்பி, மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு மரம். சொந்தமுன்னு தேடினா தூரத்துச் சொந்தம், என்னைய அண்ணான்னுதான் கூப்புடுவா, அவன் மச்சான்னுவான். கல்யாணமாகி பதினெட்டு வருசம் பிள்ளை இல்ல. அந்தக் காப்பி தப்பிப் பூத்த வருசம் அவளுக்கு நாப்பதுக்குப் பக்கம். ஊசியெல்லாம் போட்டு, லேப்ல ஒரே நாள்ல மூணு கரு உருவாச்சு. ரெண்டை உள்ள வெச்சாங்க. ஒண்ணு தங்குச்சு. அதுதான் காவேரி. மூணாவதை உறைய வெச்சு மூணாம் நம்பர் கேன்ல போட்டாங்க.

தப்பு நான் பண்ணினது இங்கதான். எந்தக் கேன்ல யாருதுன்னு வெளிய சொல்லக்கூடாது. காவேரிக்கு மூணு வயசிருக்கறப்ப ஒரு நாள் பஸ்ல ருக்குமணி என் பக்கத்து சீட்டுல உக்காந்தா. பிள்ளை மடியில தூங்குது.

"அண்ணா, இன்னொண்ணு இருக்குதில்லீங்க, அது நல்லாருக்குதுங்களா?"

"இருக்குது அம்மிணி. மூணாம் நம்பர் கேனு. இன்னைக்குக் காலையிலகூட அளவு பாத்தேன்." வாயிலிருந்து வந்திருச்சு.

பிள்ளை மேல காத்துப் படாம ஜன்னலைச் சாத்தினா. "அதுக்குக் குளுருமுங்களா?"

இருவது வருசம் காளை வித்துக் கேனைத் தூக்கினேன், ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல. தெரியல அம்மிணின்னேன். அப்புறம் கேட்டா, "அதுக்கும் இப்ப மூணு வயசுங்களா?" இல்ல, அது அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும், வளராதுன்னேன். பிள்ளையோட காலைத் துணியால மூடிவிட்டா. "பாவம், தனியா"ன்னா. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் என்னைய எங்க பாத்தாலும் கேப்பா. சந்தையில, கோயில்ல, பஸ்ஸ்டாண்டுல. "அண்ணா, மூணாம் நம்பரு?" நல்லாருக்கு அம்மிணின்னுவேன். கூட நிக்கறவங்க பஸ் நம்பருன்னு நெனச்சுக்குவாங்க.

ஒரு மார்கழியில ஒரு கம்பளிய மடிச்சுக் கொண்டாந்து குடுத்தா. காவேரி பொறந்தப்பச் சுத்தின கம்பளி, பழுப்புக் கலரு. "பொண்ணுக்குச் சிறுசாயிருச்சுங்க. அந்தக் கேனுக்குப் போத்திவிடுங்கண்ணா." எனக்குத் தெரியாதா, உள்ள இருக்கற குளுருக்குக் கம்பளி என்ன பண்ணும். குளுராம இருந்தாத்தான் அது செத்துப்போகும். ஆனா அவ மொகத்தைப் பாத்துட்டு அதைச் சொல்ல முடியல. கொண்டுபோய் கேன் மேல போத்திவிட்டேன்.

மறுநாள் மேடம் பாத்துட்டாங்க. "இது என்னங்கண்ணா?" மறைக்காம எல்லாம் சொன்னேன், நம்பர் சொன்னதுலயிருந்து. வேலை போச்சுன்னு நெனச்சேன். அவங்க கம்பளிய எடுத்து மடிச்சாங்க, ஓரம் ஓரமாச் சேத்து, நொம்ப நேரம் மடிச்சாங்க. "நம்பர் சொன்னது தப்பு. நாளைக்கு நான் கேன் மாத்தினா அந்தம்மாகிட்ட என்ன சொல்வீங்க?" கம்பளிய என் கையில குடுத்தாங்க. "இதுல நூல் பறக்கும், உள்ள வேண்டாம். வெளி ஸ்டோர்ல இந்தச் சுவத்துக்கு நேரா ஒரு அலமாரி இருக்கு பாருங்க, அங்க வைங்க. நடுவுல சுவருதான்." அப்புறம் அந்தக் கேனை அந்த எடத்துலயிருந்து அவங்க மாத்தவே இல்ல. மத்த கேனெல்லாம் எடம் மாறுச்சு. மூணு மட்டும் நகரல.

காவேரிக்கு ஏழு முடிஞ்சு எட்டு நடக்கறப்ப புதுச் சட்டம் வந்து ரெண்டு மூணு வருசம் ஆயிருந்துச்சு. பத்து வருசத்துக்கு மேல கருவை வெக்கக்கூடாது. பொம்பளைக்கு அம்பது, ஆம்பளைக்கு அம்பத்தஞ்சு தாண்டினா வைத்தியம் கிடையாது. ருக்குமணிக்கு இன்னும் வயசிருந்துச்சு. சடையனுக்குத்தான் ஆதார்ல வர்ற சூன் ஒண்ணாந்தேதி அம்பத்தஞ்சு முடியுது. கேட்டா சொல்லுவான், "நான் பொறந்த தேதி எங்கம்மாளுக்கே தெரியாதுங்க மச்சான், ஆதார் எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்குது."

ருக்குமணி அந்த மூணாவதை உள்ள வெச்சுக்கத் தயாரா இருந்தா. சடையன் கையெழுத்துப் போடமாட்டேங்கறான். ரெண்டு பேரும் போடோணும். வேண்டாம்னா அதுக்கும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எடுத்து அழிச்சிரச் சொல்லோணும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டா எடுக்கமாட்டேங்கறான். ருக்குமணி என்கிட்ட அழுதா. "நாங்க காவேரியப் பெத்ததே வயசாகித்தானுங்க. பள்ளிக்கூடத்துல பேத்திங்களான்னு கேக்கறாங்க. நாங்க போயிட்டா அவகூடச் சண்டை போடறதுக்காச்சும் ஒரு ஆளு வேண்டாமுங்களா? அங்க ஒண்ணு காத்துட்டு இருக்கறப்ப எப்படிங்கண்ணா அழிங்கன்னு எழுதிக் குடுக்கறது?"

ஒரு ஞாயித்துக்கிழம தலைச்சோலைக்குப் போனேன். மாசி கடைசி, மிளகு காயுற காலம். சடையன் களத்துல மிளகைக் காலால தள்ளிட்டு இருந்தான்.

"ஏனுங்க மச்சான், கேன் தூக்கிட்டு வரலீங்களா? எங்க பசுவும் பருவத்துலதான் நிக்குது."

"பசுவுக்கு வரல மாப்ள. உனக்குத்தான் வந்தேன்."

சிரிச்சான். அப்புறம் சிரிப்பு போயிருச்சு. காலால மட்டும் மிளகைத் தள்ளிட்டே இருந்தான்.

"என்னால ஆகாதுங்க மச்சான். அன்னைக்கு நான் சேர்வராயன் கோயில் குகைக்குள்ள குனிஞ்சு போயி, நெத்தி தரையில பட, ஒண்ணு குடு சாமி, அதுக்கு மேல என் வாயத் தொறந்து கேக்கமாட்டேன்னு சொல்லியிருக்கறனுங்க. குடுத்துட்டான். மறுபடி போயி கை நீட்டினா குடுத்தவன் என்ன நெனைப்பான்? அந்தக் கோவத்தைக் காவேரி மேல காட்டினா?"

ஊட்டு வாசல்ல மொறத்தோட நின்ன ருக்குமணி சொன்னா, "சொன்னது நீங்க. நான் சொல்லலியே. நான் வாய மூடிட்டுத்தானே பக்கத்துல நின்னேன்."

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

"என்னையக் கேட்டா சொன்னீங்க?"

அதுக்குள்ள காவேரி எனக்குக் காப்பி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சுட்டு எந்திரிச்சு வந்தேன். மலை பூரா மஞ்சு. அந்த மிளகு வாசத்துல நடந்து வர்றப்ப நெனச்சேன், இவன் சொல்றதும் சரிதான், அவ சொல்றதும் சரிதான், நடுவுல அது ஒண்ணு குளுருல கெடக்குது.

பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு லேப்ல எல்லாக் கேனையும் சரிபாக்கற வேலை. அன்னைக்கு ஃபைல் பாக்கற பொண்ணு லீவு. மேடம் ரெண்டு வாயும் அவங்களே சொல்லமாட்டாங்க, அதனால அடுத்த ரூம் நர்ஸைக் கூப்ட்டு நிறுத்தினாங்க. நான் மூடியப் பிடிச்சுட்டு நிக்கறேன். மூணாம் நம்பரு. மேடம் பேரைப் படிச்சு, தேதி படிச்சாங்க. நர்ஸ் திருப்பிச் சொன்னாங்க. அப்புறம் நர்ஸ், "மேடம், இதே தேதியில இன்னொண்ணு எழுதி, பொண் குழந்தைன்னு போட்டிருக்குதுங்க"ன்னாங்க. "ஆமா, ரெண்டும் ஒரே நாள்தான்"னாங்க மேடம். "அது முன்னால போயிருச்சு. இது பின்னால நிக்குது."

கையில மூடியோட அப்படியே நின்னேன். மேடம் ரெண்டு தடவ "மூடுங்கண்ணா"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

அன்னைக்கு ஊட்டுக்குப் போகாம நேரா தலைச்சோலை பஸ் ஏறினேன். சடையன் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தான்.

"மாப்ள, நீ எத்தனை தடவ கேட்ட?"

"ஒரு தடவைங்க."

"அவன் எத்தனை குடுத்தான்?"

"ஒண்ணுங்க. காவேரி."

"இல்ல. மூணு குடுத்தான். ஒரே நாள்ல. நான் தேதியக் காதால கேட்டுட்டு வர்றேன். காவேரியும் அதுவும் ஒரே நாள் உருவானது. ஒண்ணு தங்கல, ஒண்ணை நீ எடுத்துட்டு வந்த. இன்னொண்ணு நீ எடுத்துட்டுப் போவேன்னு அங்கயே நிக்குது. நீ புதுசா எதும் கேக்க வேண்டாம் மாப்ள. குடுத்ததைப் போயி வாங்கிக்க."

மாடு தண்ணி குடிச்சு முடிச்சுத் தலையத் தூக்குச்சு. அவன் வாளியக் கீழ வெச்சான். "அப்ப அது காவேரிக்குத் தம்பி தங்கச்சி இல்லீங்க, கூடவே உருவான ரெட்டை"ன்னான். ஆமான்னேன்.

மறுநாள் காலையில தனியா மலை உச்சிக்குப் போனானாம். பூ போட்டுக் கேக்கல, எதும் வேண்டல. குகைக்குள்ள உக்காந்து, "நீ குடுத்ததை எடுத்துக்கறேன் சாமி"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்னான். அடுத்த வாரம் ரெண்டு பேரும் எறங்கி வந்து கையெழுத்துப் போட்டாங்க. அவன் பேரை எழுதறதுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டதை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

சித்திரையில தேதி குறிச்சாங்க. அன்னைக்குக் காலையில ஸ்கேலை எறக்கினேன். பனிக்கோடு நல்லா மேல நின்னுச்சு. மேடம் வந்தாங்க, இடுக்கிய எடுத்தாங்க, பேரு ரெண்டு வாய் ஆச்சு. கழுத்துக்கு மேல அன்னைக்குத்தான் அந்தக் குச்சி மொதமொத வந்துச்சு. வெள்ளைப் பொகை ஒரு இழை அதுகூடவே கெளம்பி வந்து, பாதியில கரைஞ்சு போச்சு. உள்ள கொண்டுபோயிட்டாங்க. நான் வெளிய ஸ்டோர்ல கம்பளி இருக்கற அலமாரிகிட்ட நின்னேன். கொஞ்ச நேரத்துல மேடம் கதவைத் தொறந்து தலைய மட்டும் நீட்டினாங்க. "உயிரோட எந்திரிச்சிருச்சுண்ணா. நல்லாருக்கு." அவங்க எனக்குன்னு வந்து சொன்னது அந்த ஒரு தடவதான்.

ருக்குமணி வயித்துல வெச்சுப் பன்னெண்டு நாள் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. தங்கல.

நானே போயிச் சொல்லியிருக்கோணும். போகல. சடையன் மொகத்துல எப்படி முழிக்கறது. சாமிக்கிட்ட வாய் தொறக்காம இருந்தவனைத் தொறக்க வெச்சது நான்தானே. தலைச்சோலை பஸ்ஸைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்குவேன். மேடம்கிட்ட ஒரே ஒரு தடவ கேட்டேன், "நான் அளவு பாத்ததுல எதும் குறைங்களா?" நான் சொல்ற அளவை அவங்க தினமும் எழுதி வெக்கற நோட்டு ஒண்ணு உண்டு, அது முன்னாடி என்னைய உக்கார வெச்சாங்க. எட்டு வருசத்து நோட்டு. எனக்குப் படிக்க வராதுன்னு தெரியும், அதனால விரலை வெச்சு ஒவ்வொரு வரியா இழுத்துட்டுப் போனாங்க. "இது சரி. இது சரி. இது சரி." மத்தியானச் சோத்துக்குப் போகாம கடைசி வரி வரைக்கும் இழுத்தாங்க.

வைகாசியில சேர்வராயன் திருவிழா. போகாம இருக்க முடியாது. கூட்டத்துல ஓரமா நின்னேன். பின்னாடி இருந்து, "ஏனுங்க மச்சான், எங்க ஊடு வழி மறந்து போச்சுங்களா?"

சடையன். தோள்ல காவேரி உக்காந்திருக்குது, அவ்வளவு பெரிய பொண்ணு. பக்கத்துல ருக்குமணி. நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன், அவன் விடல.

"பயந்துட்டேதானுங்க இருந்தேன், மச்சான். இப்பப் பயமில்லீங்க. அவன் குடுத்தது பூராவும் வாங்கிட்டேன். ஒண்ணைக்கூட அங்க விட்டுட்டு வரல."

ருக்குமணி முந்தானையால மொகத்தைத் தொடச்சா. அழுகையா வேர்வையான்னு தெரியல, வெயிலும் மஞ்சும் கலந்து அடிச்சிட்டு இருந்துச்சு. "எட்டு வருசம் அந்தக் குளுருல கெடந்துச்சுங்கண்ணா. பன்னெண்டு நாள் என் வயித்துல கதகதப்பா இருந்துட்டுப் போயிருக்குது. அது போதுமுங்க." அப்புறம் பழக்க தோசத்துல, "மூணாம் நம்பரு?"ன்னா. கேட்டுட்டு அவளே நிறுத்திக்கிட்டா. காவேரி மேல இருந்து, "என்ன நம்பரு, என்ன நம்பரு"ன்னு அப்பன் தலைமயிரைப் பிடிச்சு இழுத்துச்சு. ஒருத்தரும் பதில் சொல்லல.

அந்தப் பதில்தான் கண்ணு எனக்குப் பாக்கி நிக்குது. அந்தப் பொண்ணு வளந்து ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரிக்கு வரும், என்கூட உருவானது ஒண்ணு இங்க இருந்துச்சாமேன்னு கேக்கும். எனக்கு மனசுக்குள்ள தெரியுது. அப்ப நான் இருக்கமாட்டேன். நீ சொல்லு. எட்டு வருசமும் ஒரு நாள்கூட அளவு குறையல, அது குளுருல போகல, உயிரோட எந்திரிச்சு உங்கம்மாகிட்ட வந்துச்சுன்னு சொல்லு. ஸ்டோர் அலமாரியில அந்தப் பழுப்புக் கம்பளி இருக்குது, எடுத்து அது கையில குடு. நீயும் வேற ஊருக்குப் போற மாதிரி இருந்தா, உனக்கப்புறம் அந்த ரூமுக்கு வர்றவங்ககிட்ட இதைச் சொல்லிட்டுப் போ.